கராஜ் அடுப்பு

— எண்ணெய் விடாம வெங்காயத்த வதக்கினா அடி பிடிக்காதோ?

— வீடியோல அந்தப் பொம்மனாட்டி அப்படித்தாம்மா பண்றா. வெறும் பாத்திரம், வெங்காயம், அவ்வளவுதான். அதுவே தண்ணி விட்டுக்கும், பொறுமையா கிளறிண்டே இருக்கணும்னு சொல்றா.

— பொறுமைக்கெல்லாம் நேரம் ஏதுடா சுஹாஸ்? ஹிவோட்டோட அண்ணா டாவிட் எங்க வந்துண்டிருக்கான்?

— வழியில பஃபலோன்னு ஒரு ஊர், அதத் தாண்டிட்டான். டாவிட்டோட லொகேஷன் இன்னும் எனக்கு ஷேர்ல இருக்கு, எடுக்க மறந்துட்டான் போல. இதோ பாரு, இந்த நீலப் புள்ளி. டல்லாஸ்ல கிளம்பினவன் வழியில எங்கயுமே நிறுத்தல.

— ஈஸ்வரா. நான் ஏதோ ஆம்படையான் பெண்டாட்டிக்குள்ள தகராறு, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்னு இருந்தேன். ஹிவோட் பெட்டி கட்டற அளவுக்கு என்னடா ஆச்சு?

— அப்புறம் சொல்றேம்மா. நீ மொதல்ல அந்த கேரட்ட நறுக்கு. விரல் நீளத்துக்கு. உருளைக்கிழங்கும் அப்படியே பெருசு பெருசா.

— எங்க உக்காந்து நறுக்கறது? இங்க ஒரு நாற்காலி கூட இல்லையே.

— அந்த பெயிண்ட் டப்பா மேல உக்காரு. இரு, துண்டு போடறேன்.

— அவ எதுமேல உக்காந்துப்பா?

— யாரு?

— ஹிவோட்தாண்டா, உன் பெண்டாட்டி. இங்கதானே சமைக்கறா.

— அவ நின்னுண்டேதாம்மா பண்ணுவா. நீ நறுக்கேன்.

— நறுக்கிண்டுதான் இருக்கேன். அவளுக்குன்னு கராஜ்ல தனி கிச்சனே போட்டுக் குடுத்துட்டேன், ஜம்முனு இருக்குன்னே. நான் மேடை, சிங்க், ஃபேன் எல்லாம் இருக்கும்னு நெனச்சுண்டேன். இது டென்ட் போட எடுத்துண்டு போற அடுப்புன்னா?

— ஃபேன் வெக்கணும்னுதான் இருந்தேன். கான்ட்ராக்டர் கெடைக்கல.

— நான் வந்து மூணு வருஷமாச்சு. ஹூஸ்டன்ல ஒரு ஃபேன் கெடைக்கலையா?

— அம்மா, ப்ளீஸ். இப்போ இது வேண்டாம்.

— சரி, பேசல. அந்தக் கதவையாவது பூரா தூக்கி விடு. மூச்சு முட்டறது. அடுப்பு ஏத்தி பத்து நிமிஷம்கூட ஆகல, புடவை முதுகோட ஒட்டிண்டுடுத்து.

— பூரா தொறக்க முடியாதும்மா. கராஜ் கதவு தொறந்தே கிடந்தா எச்.ஓ.ஏ.காரா, அதான் காலனி அசோசியேஷன், லெட்டர் போட்டுடுவா. அதான் பாதி.

— அவளும் பாதிக் கதவுலதான் சமைச்சாளா?

— ஆமா.

— தப்பு என் மேலயும் இருக்குடா. கார் டிரைவ்வேல நிக்கறது, நான் முன்வாசல் வழியாவே போறேன் வரேன். இந்தப் பக்கம் எட்டிக்கூட பாத்ததில்ல. கறி சமைக்கற இடம், நமக்கென்ன அங்க வேலைன்னு இருந்துட்டேன். கேரட் போறுமா பாரு.

— போறும். இப்போ நெய் விடணும். அவ டப்பா எதுன்னு தெரியல. எல்லாத்துலயும் அவா பாஷையில எழுதியிருக்கா.

— ஏழு வருஷம் குடித்தனம் பண்ணினவன், பெண்டாட்டியோட நெய் டப்பா தெரியலையா? இங்க கொண்டா, மோந்து பாக்கறேன். இது மிளகாப்பொடி. இதுவும் ஏதோ காரம். இதோ, இதான் நெய்.

— ஷ்யூரா?

— நெய் எனக்குத் தெரியாதா? ஏலக்காய் போட்டுக் காய்ச்சியிருக்கா. வெந்தயம் இருக்கு, மஞ்சள் இருக்கு. இன்னொண்ணு என்னமோ வாசனை... சுஹாஸ், இதுல துளசி போட்டிருக்காடா.

— துளசி இல்லம்மா, அவா ஊர்ல அதே மாதிரி ஒரு செடி. அடிஸ் அபாபாலேருந்து அவ அம்மா காயவெச்சு அனுப்புவா.

— என் அடுப்புக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கதவுதான். இப்படி ஒரு நெய் காய்ச்சறா, எனக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு விடணும்?

— ரெண்டு கரண்டி. அப்புறம் இஞ்சி, பூண்டு. அதுக்கப்புறம் கறி. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ, நான் பாக்கெட்ட பிரிக்கறேன்.

— திரும்பிண்டுட்டேன். ஆட்டுக் கறியா?

— ஆமா, ஹில்க்ராஃப்ட் கடைத்தெருவுல போய் வாங்கிண்டு வந்தேன். இதுக்குப் பேரு அலிச்சாம்மா. கறியும் காயும் சேத்து மஞ்சளா, காரமே இல்லாம பண்றது. அவா ஆத்துல யாராவது கோச்சுண்டு சாப்பிடாம படுத்துண்டா அவ அம்மா இதத்தான் பண்ணுவாளாம். வாசனைக்கே எழுந்து வந்துடுவாளாம். ஹிவோட் என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கா. அதான் எனக்கு இப்போ இருக்கற கடைசி வழி. பூ வாங்கி ரூம் வாசல்ல வெச்சேன், அங்கயே வாடிப் போச்சு. சாரின்னு மெசேஜ் போட்டா படிக்கறா, பதில் போட மாட்டேங்கறா. கதவத் தட்டினா அந்தப் பக்கம் டேப் ஓட்டற சத்தம்தான் கேக்கறது. அட்டைப்பெட்டிக்கு.

— மாடிலேருந்து கீழயே வரலையா?

— நேத்திலேருந்து வரல. டாவிட் வந்து அவளக் கூட்டிண்டு போயிட்டான்னா அவ்வளவுதாம்மா. வரமாட்டா. எனக்கு அவளத் தெரியும், அவ ஒரு தடவை முடிவு பண்ணிட்டா திரும்பிப் பாக்க மாட்டா. அவ இல்லாம நான் இந்த ஆத்துல என்ன பண்ணுவேன், சொல்லு.

— மாடிசன்வில்னு போட்டிருக்கு பாரு உன் போன்ல.

— தாண்டிட்டானா? கறி வேகவே இன்னும் ஆரம்பிக்கல.

— குக்கர்ல போட்டா என்ன?

— குக்கர் உன்னோடதாச்சேம்மா. சாம்பார் வெக்கறது.

— அதுவும் சரிதான். தட்டு போட்டு மூடு, தண்ணி அளவா விடு. இப்போவாவது சொல்லு. சனிக்கிழமைதானே ஆரம்பிச்சுது? சஹஸ்ரநாமம் முடிஞ்சு தீபாராதனை காட்டிண்டிருக்கேன், இங்கேருந்து தடால்னு சத்தம். நீ ஓடினே. என்னடான்னு கேட்டா பாத்திரம் கை தவறிடுத்துன்னே.

— பாத்திரம் இல்லம்மா.

— பின்ன?

— ஹிவோட். மயக்கம் போட்டு விழுந்துட்டா. அவா சர்ச்ல மறுநாள் ஏதோ விசேஷம், நெறைய பேருக்கு சமைச்சிண்டிருந்தா. காலம்பறலேருந்து இந்த வெக்கையில நின்னிருக்கா. விழறப்போ குழம்பு கையில கொட்டிடுத்து.

— அயர்ன் பாக்ஸ் சுட்டுடுத்து, அதான் கட்டுன்னு சொன்னியே?

— சொன்னேன்.

— எங்கிட்ட எதுக்குடா பொய்? நான் என்ன அவளக் கடிச்சா தின்னுடுவேன்? சரி, நீதான் ஓடி வந்து தூக்கினியே. அதுக்கு எதுக்கு அவ பெட்டி கட்டணும்?

— தூக்கறதுக்கு முன்னாடி கதவ சாத்தினேம்மா.

— எந்தக் கதவ?

— இந்தக் கதவ. ஆத்துக்குள்ள போற கதவ. ஹால் பூரா சஹஸ்ரநாமத்துக்கு வந்த மாமிகள் உக்காந்திருந்தா. குழம்பெல்லாம் தரையில கொட்டிக் கெடக்கு, வாசனை அப்படியே உள்ள போயிண்டிருக்கு. நான் அவளப் பாத்தேன், திரும்பினேன், கதவ சாத்தினேன், அப்புறந்தான் அவகிட்ட போனேன். ஒரு செகண்ட்தான். ஆனா அவ கண்ணு தொறந்திருந்தது. பாத்துண்டே இருந்தா.

— கடங்காரா.

— திட்டு. நன்னா திட்டு. நானே என்னைத் திட்டிண்டுதான் இருக்கேன். என் கை எப்படி அங்க போச்சுன்னே தெரியலம்மா. பழகிப் போச்சு. கறி வாசனைன்னா கதவ சாத்தணும்னு கைக்குப் பழகிப் போச்சு.

— அந்த மாமிகள்ல எவளாவது உனக்கு ஜுரம் வந்தா கஷாயம் வெச்சுத் தருவாளா? வாசனை வந்தா மூக்கப் பொத்திக்கட்டுமே. இப்போ அழாதே. அடி பிடிக்கறது பாரு. கரண்டியக் குடு.

— அம்மா, அது கறி.

— எனக்கும் கண்ணு தெரியறது. குடு. அழுதுண்டே கிளறினா பாத்திரத்தோட கவுத்துடுவே.

— உனக்கு வயத்தப் பிரட்டும்மா.

— பிரட்டட்டும். ஒரு பொண்ணு மயங்கி விழற வரைக்கும் கதவுக்கு இந்தப் பக்கம் நான் லலிதாம்பிகைய கூப்பிட்டுண்டிருந்திருக்கேன். அதுக்கு இதுகூட பண்ணலேன்னா எப்படி? அடி ஒட்டல, தப்பிச்சோம். இப்போ காயப் போட்டுடலாமா?

— போடலாம். கோஸ் கடைசியில. அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? இத நீ உன் கையால கொண்டு போய் அவளுக்குக் குடு. குடுத்துட்டு, இனிமே நீ உள்ளயே சமைச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போறும். அவ இருந்துடுவா.

— நான் எதுக்குடா சொல்லணும்? உள்ள சமைக்கக் கூடாதுன்னு நான் எப்போ சொன்னேன்?

— அதில்லம்மா. சும்மா சொல்லு. நீ சொன்னா அதுக்கு ஒரு வெயிட் இருக்கும்.

— பூஜை அலமாரி பக்கத்துல கறி சமைக்க அவளுக்கே கூச்சமா இருக்கு, தனியா இடம் வேணும்னு அவளா கேட்டுண்டான்னு சொன்னே. நான் அதக் கேட்டுட்டு இங்க ஹூஸ்டன் மீனாக்ஷி கோயில்ல பாக்கறவா கிட்டயெல்லாம் என் மாட்டுப்பொண்ணு மாதிரி மரியாதை தெரிஞ்சவ உண்டான்னு சொல்லிண்டு திரிஞ்சேன். அவளா கேட்டுண்டதுக்கு நான் எதுக்கு அனுமதி குடுக்கணும்?

— அம்மா, கான்ரோ வந்துட்டான், கிட்டக்க வந்துட்டான். ஐயோ, டிராஃபிக்கே இல்ல போலருக்கே இன்னிக்கு.

— நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே.

— அப்புறம் சொல்றேன். நான் எல்லாத்தையும் பாத்துக்கறேன், நீ இத மட்டும் பண்ணு. ட்ரஸ்ட் மீ.

— நீ பாத்துண்டதெல்லாம் போறும். ஒண்ணு எனக்குப் புரியல. வாசனைக்கே எழுந்து வந்துடுவான்னு சொன்னே. அத நீயும் நானும் கராஜ்ல, ஆத்துக் கதவ சாத்திண்டு பண்ணிண்டிருக்கோம். மாடிக்கு எப்படிடா போகும் வாசனை?

— அட, ஆமா. நான் யோசிக்கவே இல்ல.

— தூக்கு பாத்திரத்த. உள்ள என் அடுப்புல வெப்போம்.

— உன் அடுப்புலயா? அம்மா, பூஜை...

— அம்பாள் எத்தனையோ ஊர்ல எத்தனையோ வாசனை பாத்திருப்பா. தூக்குடா. நான் கதவப் பிடிச்சுக்கறேன். பாத்து, படி இருக்கு. அந்தப் பெரிய பர்னர்ல வை. நான் வேணும்னா அப்புறம் அடுப்பத் தேச்சுக்கறேன், நீ வாயத் தொறக்காதே.

— சிம்னி ஃபேன் போடட்டுமா?

— உனக்கு இன்னும் புத்தி வரலையே. போடாதே. தட்டத் தொறந்து வை. நன்னா கொதிக்கட்டும்.

— அம்மா.

— என்ன?

— இப்போ நெஜமாவே நன்னா வாசனை வரது இல்ல?

— வரது. இந்த நெய்யோட மகிமை அது. பொறு, மாடில ஏதோ சத்தம். கதவு தொறக்கறது.

— வராம்மா. இறங்கி வரா. நீ பேசு. ப்ளீஸ், நீயே பேசு, நான் சொன்னத சொல்லு.

— பெட்டிய வேற தூக்கிண்டு வரா. போய் வாங்குடா, கையில கட்டு போட்டிண்டிருக்கா.

— வேண்டாம் சுஹாஸ். ஐ ஹேவ் இட், நானே தூக்கறேன். அம்மா, இது என்ன வாசனை?

— வாடி கொழந்தே. உக்காரு. உங்க ஊர் அலிச்சாதான் பண்ணியிருக்கோம், நானும் இவனும். சரியா வந்திருக்கான்னு நீதான் சொல்லணும். உப்பு பாக்க இங்க ஆள் இல்ல.

— இங்கயா? இந்த கிச்சன்லயா? நீங்களா?

— ஹிவோட், எல்லாம் அம்மாதான் பண்ணினா. கறியக்கூட அம்மாதான் கிளறினா. நான் சொன்னேன் இல்ல, அம்மா மாறிடுவான்னு? டைம் குடுன்னு கேட்டேன் இல்ல? ஒரு வாய் சாப்பிடு. ப்ளீஸ்.

— தாங்க்யூ அம்மா. ரொம்ப தாங்க்யூ. ஆனா எனக்கு சாப்பிட முடியாது. இன்னிக்கு வெட்னஸ்டே.

— புதன்கிழமையா இருந்தா என்ன? எனக்காக புதனும் வெள்ளியும் கறியத் தொடாம இருக்கியே, இன்னிக்கு ஒரு நாள் எனக்காகவே சாப்பிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

— உங்களுக்காகவா?

— ஆமா. நான் இங்க வந்த மொதல் வாரமே சுஹாஸ் சொன்னான். அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வாரத்துல ரெண்டு நாள் நீ சைவமா இருக்கேன்னு. யாரோ தூர தேசத்துப் பொண்ணு, எனக்காக இவ்வளவு பண்றாளேன்னு அன்னிக்கு ராத்திரி நான் அழுதேன்.

— நோ, அம்மா. அது ஃபாஸ்டிங். எங்க சர்ச். புதன், வெள்ளி கறி இல்ல, முட்டை இல்ல, பால் இல்ல, நெய் இல்ல. நான் சின்ன பொண்ணா இருக்கும்போதுலேருந்து.

— விரதம்.

— எஸ், விரதம். சுஹாஸுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேன்.

— அதான் அந்த ரெண்டு நாளும் என் ரசம் சாதத்துக்கு நெய் வேண்டாம்னு தட்ட நகத்திப்பியா? நான் ஏதோ உடம்பு எளைக்கறதுக்காகன்னு நெனச்சேன். சுஹாஸ், இவ விரதத்த எங்கிட்ட என்னன்னு சொன்னேடா நீ?

— அம்மா, ஐ ஸ்வேர், இன்னிக்கு மறந்துட்டேன். பதட்டத்துல என்ன கிழமைன்னே தோணல.

— பெண்டாட்டியோட விரதத்த எடுத்து அம்மாவுக்கு சமர்ப்பணம் பண்ணிட்டு, அது விரதம்ங்கறதையே மறந்து போயிட்டே. நன்னாருக்குடா. ஹிவோட், இன்னொண்ணு கேக்கறேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்காம சொல்லு. கராஜ்ல சமைச்சுக்கறேன்னு நீயாவா கேட்டே?

— நானா? கராஜ் யாராவது கேப்பாங்களா, அம்மா? நீங்கதானே சொன்னீங்க.

— என்ன சொன்னேன்?

— கறி வாசனை வந்தா நீங்க சாப்பிட மாட்டீங்க. சாமி ரூம் கெட்டுப் போயிடும். நான் உள்ள சமைச்சா நீங்க இந்தியாவுக்குத் திரும்பிப் போயிடுவீங்க.

— இதெல்லாம் என் வாயால சொல்லிக் கேட்டியா?

— இல்ல. சுஹாஸ் சொன்னார்.

— சுஹாஸ்.

— நான் என்னம்மா பண்றது? அப்பா போன துக்கத்தோட நீ வந்து எறங்கினே. இவளுக்கு உன்னைப் பாத்தாலே பயம். நீ ஒண்ணு சொல்லி, இவ ஒண்ணு சொல்லி, ரெண்டு பேரும் சண்டை போட்டுண்டா நான் யார் பக்கம் நிப்பேன்? சண்டையே வரக்கூடாதுன்னுதான் ரெண்டு பேருக்கும் புடிக்கற மாதிரி மாத்தி மாத்தி சொன்னேன். மூணு வருஷமா இந்த ஆத்துல ஒரு சத்தம் வந்திருக்கா, சொல்லு. உனக்கு இங்கிலீஷ் தயக்கம், அவளுக்கு தமிழ் தயக்கம். நடுவுல நான் ஒருத்தன்தான் மாட்டிண்டு முழிச்சேன்.

— நான் இவ்வளவு நாள் அம்மா மேல கோவமா இருந்தேன், சுஹாஸ். சனிக்கிழமை கீழ விழுந்தப்போகூட அம்மா மேலதான்.

— தெரியும் ஹிவோட். ஐ ஆம் சாரி. எல்லாத்தையும் மாத்திடறேன். இன்னிலேருந்து நீ இங்கயே சமை, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா.

— இப்பவும் பாரு, நான் என்ன சொல்வேன்னு நீதான் சொல்றே.

— அம்மா, வாசல்ல கார் வந்து நிக்கறது. டாவிட்தான். பெல் அடிக்கப் போறான். நீ சொன்னா இவ இருப்பா. இருன்னு சொல்லும்மா. கால்ல வேணா விழறேன்.

— எழுந்திருடா. நீ சொல்லச் சொல்லி நான் இனிமே எதையும் சொல்றதா இல்ல. ஹிவோட், இங்க வா. கையக் காட்டு. இவ்வளவு பெரிய கட்டா? எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சுக்கணும்னு நானும் நெனைக்கல, எனக்கும் அது சௌகரியமா இருந்தது. அதனால இருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போயிட்டு வா. ஆனா போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணணும். இவனுக்கு இல்ல, எனக்கு. உனக்கு வர தமிழ்ல நீ பேசு, எனக்கு வர இங்கிலீஷ்ல நான் பேசறேன். பண்ணுவியா?

— கண்டிப்பா பண்றேன். ஆனா உங்க நம்பர் எங்கிட்ட இல்லையே, அம்மா.